செமஸ்டரின் கடைசி மூன்று வாரம்

(சித்தூரில் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊருக்கு உயர்கல்வி வரலாற்றில் ஒரு தனி இடம் உண்டு. 1926-இல் ஆந்திரப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் துணைவேந்தராக அமர்ந்தவர் கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி. கட்டமஞ்சி எங்கே என்று இந்த அவையில் யாரும் கேட்கமாட்டீர்கள், சித்தூரில்தான் இருக்கிறது. அவருக்குப் பின் 1931 முதல் 1936 வரை அந்த நாற்காலியில் இருந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். பிறகு 1949 வரை மறுபடியும் ரெட்டிதான். ராதாகிருஷ்ணன் திருத்தணிக்காரர், சிறு வயதில் திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்தவர். இருவரும் பிறந்த காலத்தில் சித்தூரும் திருத்தணியும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டம். ஆக, ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் முதல் 23 ஆண்டுகளை நடத்திக் காட்டியவர்கள் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் இரண்டு பேர்.

அந்த ராதாகிருஷ்ணன் தலைமையில்தான் 1948-இல் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைந்தது. அடுத்த ஆண்டு அறிக்கை வந்தது. பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்ய முடியும் என்றால் அது தேர்வுமுறையில்தான் இருக்கவேண்டும் என்று அந்தக் குழு முடிவு சொன்னது. சொல்லி எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

அந்தக் கவலையிலிருந்து பிறந்ததுதான் செமஸ்டர் முறை. வருடக் கடைசியில் மூன்று மணி நேரத்தில் ஒரு பிள்ளையின் தலையெழுத்தை முடிவு செய்துவிடக் கூடாது, படிப்பைப் பிரித்துக் கொடுப்போம், இன்டர்னல் மதிப்பெண் வைப்போம் என்றார்கள். நம் மாநிலப் பட்டக் கல்லூரிகளில் 2015-16-இல் அது வந்து சேர்ந்தது. நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் நடைமுறையில் வருடத்துக்கு ஒரு தடவை வந்த ஜுரம் இப்போது இரண்டு தடவை வருகிறது. அந்த ஜுரம் அடிக்கும் கடைசி மூன்று வாரங்களில் ஆசிரியர் என்ன செய்யலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கடைசி நேரத்தில் மாணவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது மதிப்பெண் சலுகை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சலுகை கொடுக்கலாமா கூடாதா என்று ஸ்டாஃப் ரூமில் வாதாடுகிறோம். என் அனுபவத்தில், பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறுவது தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரியாததால். எத்தனை மதிப்பெண் கையில் இருக்கிறது, எத்தனை வேண்டும், எதைப் படித்தால் வரும், யாரைப் போய்க் கேட்பது, இந்த நான்கும் தெரியாது. இந்த நான்கையும் நேரத்தோடு சொல்லிவிட்டால் நம் கடமையில் முக்கால் பங்கு முடிந்தது.

அதைச் சொல்வதற்கு முன், நம் பிள்ளைகள் எந்தச் சூழ்நிலையில் தேர்வுக்கு வருகிறார்கள் என்று ஒரு கணம் பார்ப்போம். தேர்வு அட்டவணை போடுகிற அலுவலகத்துக்கு எல்லா மாதமும் ஒன்றுதான். இந்த மாவட்டத்துக்கு அப்படியில்லை. ஈவன் செமஸ்டர் முடிகிற நேரம் கோடை. மாந்தோப்பு உள்ள வீடுகளில் காவலும் தண்ணீரும் அறுவடை ஏற்பாடும் ஒன்றாக வந்து நிற்கும். மே மாதம் திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை; சித்தூரிலும் ஜாத்திரை. வீடு நிறைய உறவினர்கள். ஸ்டடி ஹாலிடேஸ் விட்டோமே என்று நாம் நினைக்கிறோம். வீட்டில் அதற்கு அர்த்தம், ‘பிள்ளை சும்மாதானே இருக்கிறான்’ என்பது. மாங்காய் விலை விழுந்த வருடத்தில் இன்னொரு தொல்லை சேரும். 2025-இல் தோத்தாபுரிக்குக் கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தரவேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துத் தரும் என்று அறிவிக்கும் அளவுக்கு விலை சரிந்தது. விலை சரிந்தால் முதலில் நிற்பது கல்லூரிக் கட்டணம். கட்டணம் நின்றால் ஹால் டிக்கெட் நிற்கும்.

ஆட் செமஸ்டர் முடிகிற நவம்பர், டிசம்பர் மழைக்காலம். 2021 நவம்பரில் திருப்பதி வெள்ளத்தில் மிதந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஸ்வர்ணமுகி கரை புரண்டது, ராயலசெருவு ஏரிக்கரையில் நீர் கசிந்து கீழே இருந்த ஊர்களையே காலி செய்யச் சொன்னார்கள். அப்படிப்பட்ட வாரத்தில் ஒரு பிள்ளை ரெக்கார்ட் நோட்டைக் கொண்டுவரவில்லை என்றால், ஏன் என்று கேட்காமல் பூஜ்யம் போடுவது ஆசிரியப் பணி ஆகாது.

நகரி, புத்தூர் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் விசைத்தறி வீடுகளிலிருந்து வருகிறவர்கள். இரவு முழுவதும் தறிச் சத்தம். ஆள் இல்லாத இரவில் அவர்களே தறி ஓட்டுவார்கள். குப்பத்தில் அப்பா விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போயிருப்பார். வீட்டுப் பொறுப்பு மூத்த பிள்ளை தலையில். எல்லைப்புற மண்டலங்களில் தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிறவர்களுக்குக் கல்லூரியில் நண்பர்களோடு தெலுங்கு, தேர்வுத் தாளில் ஆங்கிலம். 2021-22 முதல் பட்டக் கல்லூரிகள் ஆங்கில வழிக்கு மாறியபின் தெலுங்கு வழிப் பிள்ளைகளுக்கும் இதே பாடுதான். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று தெரிந்தால்தான் உதவி பொருத்தமாக அமையும்.

இனி, செய்யக்கூடியவற்றுக்கு வருவோம்.

முதல் வேலை, கணக்குப் போட்டுக் காட்டுவது. ஜே.என்.டி.யு. அனந்தபூரில் இணைந்த பொறியியல் கல்லூரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இன்டர்னல் 30, வெளித்தேர்வு 70. தேறுவதற்கு இரண்டு நிபந்தனை: வெளித்தேர்வில் 35 சதவீதம், இரண்டும் சேர்த்து 40. எழுபதில் 35 சதவீதம் என்றால் இருபத்து நாலரை. அதாவது 25 எடுத்தாக வேண்டும். இப்போது இன்டர்னலில் 22 வைத்திருக்கும் மாணவன், ‘இன்னும் பதினெட்டு போதும்’ என்று நினைக்கிறான். வெளித்தேர்வில் 20 எடுக்கிறான். கூட்டினால் 42. ஆனாலும் அவன் ஃபெயில். ஏனென்றால் 25 வரவில்லை. இன்னொருவன் இன்டர்னலில் 12. இவன் 25 எடுத்தாலும் மொத்தம் 37 தான். இவனுக்கு 28 வேண்டும். ஒரே வகுப்பில், ஒரே பாடத்தில், இருவருக்கும் இரண்டு இலக்கு. இதை மாணவனே விதிப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்பீர்கள். விதிப் புத்தகத்தை நம்மில் எத்தனை பேர் முழுதாகப் படித்திருக்கிறோம்?

அதனால் கடைசி மூன்று வாரம் தொடங்கும் நாளில் ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு சீட்டு கொடுங்கள். இன்டர்னல் இவ்வளவு, வருகை இவ்வளவு சதவீதம், வெளித்தேர்வில் குறைந்தது இவ்வளவு வேண்டும், நிலுவையில் இருக்கும் ரெக்கார்ட், அசைன்மெண்ட் இவை. நான்கு வரி போதும். ஆனால் கையில் கொடுங்கள், சுவரில் ஒட்டாதீர்கள்.

வருகைப் பதிவில்தான் நாம் அதிகம் கொடுமை செய்கிறோம். எழுபத்தைந்து சதவீதம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. பொறியியலில் அறுபத்தைந்துக்கும் எழுபத்தைந்துக்கும் இடையில் இருந்தால் மருத்துவக் காரணம் காட்டி, கட்டணம் கட்டி, கண்டோனேஷன் வாங்கலாம். அறுபத்தைந்துக்குக் கீழே போனால் டிடெயின். விதியை நான் எதிர்க்கவில்லை. ஹால் டிக்கெட் கொடுக்கும் நாளில் நோட்டீஸ் போர்டில் பெயர்ப்பட்டியல் ஒட்டி, அப்போதுதான் அந்தப் பிள்ளைக்கு விஷயம் தெரியவருகிறதே, அதைத்தான் எதிர்க்கிறேன். மூன்று வாரம் முன்னால் சொல்லியிருந்தால் மீதி வகுப்புகளுக்கு வந்து மேலே ஏறியிருப்பான். அல்லது சான்றிதழ் வாங்கியிருப்பான். பெண் பிள்ளைகளுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆர்.டி.சி. பேருந்தில் இலவசப் பயணம் வந்துவிட்டது. பஸ் காசில்லாமல் நின்றுபோன வகுப்புகள் இனி குறைய வேண்டும். ஆனாலும் கூட்டம் தாங்காமல் நிற்காமல் போகிற பல்லெ வெலுகு பேருந்தை நம்பி வருகிறவர்கள் அவர்கள். முதல் மணி நேரம் தவறும் பிள்ளையிடம் எந்த ஊர், எந்த பஸ் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் கிடைத்ததும் உங்கள் முடிவே மாறிவிடும்.

இரண்டாவது, பாடத்தை எப்படி முடிப்பது. நம் வழக்கம் தெரிந்ததே. நான்கு யூனிட் வரை நிதானமாக நடத்துவோம். ஐந்தாவது யூனிட்டைக் கடைசி நான்கு நாளில் பி.பி.டி. போட்டு ஓட்டிவிடுவோம். ‘சிலபஸ் முடிந்தது’ என்று ரெஜிஸ்டரில் எழுதியாகிவிட்டது. மாணவர் தலையில் ஏறியதா என்பதை ரெஜிஸ்டர் கேட்பதில்லை. கடைசி வாரத்தில் புதுப் பாடம் வேண்டாம். முன்கூட்டித் திட்டம் போட்டால் ஒரு வாரத்தை மீட்டுக்கொள்ளலாம். அந்த வாரத்தில் பாடம் முழுவதையும் ஒரே பக்கத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்: எது எதோடு தொடர்புடையது, எது அடிப்படை, எது அதன் மேல் எழுந்தது என்று. ‘இம்பார்ட்டண்ட் கொஸ்டின்ஸ் சொல்லுங்க சார்’ என்று பிள்ளைகள் நச்சரிப்பது சோம்பேறித்தனத்தால் மட்டுமில்லை. ஐந்து யூனிட்டில் எது தலை, எது வால் என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. நாம் காட்டாவிட்டால் கடைத்தெருவில் விற்கும் ஆல் இன் ஒன் கைடு காட்டும்.

மூன்றாவது, எழுத வைப்பது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பாடப் பகுதியை ஒரு குழு நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால்: 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. நம் பிள்ளைகள் விடிய விடியப் படித்துவிட்டு, ‘எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்தது சார், ஹாலில் வரவே இல்லை’ என்கிறார்களே, அதற்கு இதுதான் காரணம். படித்தவுடன் தெரிந்ததுபோல் இருக்கும், அது நிற்பதில்லை. வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கி, நோட்டை மூடச் சொல்லி, நேற்று நடத்தியதை அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் போடவேண்டாம், வாங்கித் திருத்தவும் வேண்டாம். பக்கத்திலிருப்பவர் பார்த்தால் போதும்.

எழுத வைப்பதோடு, எழுதியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் வேண்டும். ஒரு மாணவியின் மாதிரித் தேர்வுத் தாளைச் சொல்கிறேன். பொருளாதாரப் பாடம், பத்து மதிப்பெண் கேள்வி: பணவீக்கத்தின் விளைவுகளை விளக்குக. இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தாள். பணவீக்கம் என்றால் என்ன, எத்தனை வகை, ஏன் வருகிறது, எல்லாம் சரியாக இருந்தது. விளைவுகள் கடைசியில் மூன்று வரி. பத்துக்கு மூன்று போட்டிருந்தேன். ‘நல்லாத்தானே சார் எழுதியிருக்கேன்’ என்று வந்து நின்றாள், கண் கலங்கியிருந்தது. கேள்வித்தாளை முன்னால் வைத்து, ‘என்ன கேட்டிருக்காங்க, அதுமேல விரல் வையம்மா’ என்றேன். சரியான இடத்தில் வைத்தாள். ‘இப்போ உன் தாளில் அதுக்குப் பதில் எங்கே ஆரம்பிக்குது, அங்கே வை.’ விரல் முதல் பக்கத்தைத் தாண்டி, இரண்டாம் பக்கத்தைத் தாண்டி, கடைசிப் பத்தியில் வந்து நின்றது. ‘புரிஞ்சுபோச்சு சார்’ என்று தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று நிமிட வேலை. வகுப்பில் அறுபது பேர் இருந்தால் எல்லோருக்கும் இது முடியாது. ஆனால் இன்டர்னலில் கடைசியாக நிற்கும் பத்துப் பேருக்கு முடியும். ஒரு மதிய நேரம் போதும்.

நான்காவது, சேர்ந்து படிக்க வைப்பது. 1970-களின் பிற்பகுதியில் பெர்க்லியில் யூரி ட்ரீஸ்மன் என்ற கணித ஆசிரியர், கறுப்பின மாணவர்கள் ஏன் கால்குலஸில் தோற்கிறார்கள் என்று பார்க்கப் போனார். ஆர்வமில்லை, வீட்டில் படிப்பில்லை என்று சக ஆசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவர் மாணவர்களோடு கூடவே இருந்து பார்த்தார். உழைப்பில் குறையில்லை, ஆனால் பெரும்பாலோர் தனித்தனியே படித்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்களோ மாலையில் கூடி, ஒருவர் கணக்கை ஒருவர் சரிபார்த்து, எங்கே பிசகு என்று அங்கேயே கண்டுபிடித்துக்கொண்டார்கள். பிறகு அவர் கறுப்பின மாணவர்களையும் குழுவாகக் கூட்டி, கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போட வைத்தார். தேர்ச்சி உயர்ந்தது. நம் ஊரில் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு இந்தக் கூட்டம் தானாகக் கிடைக்கிறது. பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகும் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. மாலை நான்கு மணிக்கு வகுப்பறையைப் பூட்டாமல் விட்டு, நாலைந்து பேரை நீங்களே சேர்த்துவிடுங்கள். ஒரு குழுவில் தெலுங்கு வழி, தமிழ் வழி, ஆங்கில வழி என மூன்றும் கலந்திருக்கட்டும். ஒருவர் தன் மொழியில் விளக்க, மற்றவர் ஆங்கிலத்தில் எழுத, இருவருக்கும் லாபம்.

ஐந்தாவது, கொஞ்சம் கனமான விஷயம். காணாமல் போகிற பிள்ளை. இதுவரை ஒழுங்காக வந்தவன் கடைசி இரண்டு வாரத்தில் வருவதில்லை, வந்தாலும் பின் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறான், போன் எடுப்பதில்லை. இது அலட்சியம் என்று நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்றுவந்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில் 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நம் மாநிலத்தில் பிறந்த வழக்கு அது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள நிறுவனம் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும். மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, குறிப்பாகத் தேர்வுக் காலத்தில், பொறுப்பாளர் ஒருவரை ஒதுக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இரு முறையாவது மனநலப் பயிற்சி தர வேண்டும். இவை அந்தத் தீர்ப்பில் உள்ளவை. உங்கள் கல்லூரியில் ஆலோசகர் உண்டா, அவர் எந்த அறையில் உட்காருகிறார் என்று நாளைக்கே விசாரியுங்கள்.

நாம் மருத்துவர் இல்லை. நம் வேலை மூன்றுதான்: கவனிப்பது, கேட்பது, சரியான ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ‘என்னப்பா, ரெண்டு வாரமா ஆளையே காணோம், வீட்டில எல்லாரும் சௌக்கியமா?’ என்று ஆரம்பித்தால் போதும். ‘அட்டெண்டன்ஸ் என்ன ஆச்சு’ என்று ஆரம்பிக்காதீர்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தெலுங்கிலும் தமிழிலும் பேசலாம். அதை ஹால் டிக்கெட்டோடு ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்துக் கொடுக்க என்ன செலவாகிவிடும்?

ஆறாவது, முடிவு வந்த பிறகு. தேர்வு முடிந்ததும் நாம் ஸ்பாட் வேல்யுவேஷனுக்குப் போய்விடுகிறோம். பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுகிறார்கள். ரிசல்ட் வரும் நாளில் அவர்கள் அருகில் யாரும் இல்லை. தேறாத பிள்ளைகளுக்கு அன்று மாலையே ஒரு போன் செய்யுங்கள். சப்ளிமெண்டரிக்கு எப்போது கட்டணம் கட்டவேண்டும், மறுமதிப்பீட்டுக்கு எத்தனை நாள் அவகாசம், எந்தப் பாடத்தை முதலில் முடிப்பது என்று சொல்லுங்கள். ஒரு பேக்லாக் அப்படியே கிடந்து நாலாகிப் பெருகுவது, முதல் பேக்லாக்கை யாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசாததால்தான்.

இத்தனையும் கேட்டுவிட்டு உங்களில் சிலர் மனதுக்குள் ஒரு கேள்வி கேட்பீர்கள்: எங்களுக்கு யார் உதவுவார்கள்? நியாயமான கேள்வி. நம்மில் பலர் ஒப்பந்த ஆசிரியர்கள், கெஸ்ட் ஃபேக்கல்டி. அடுத்த செமஸ்டருக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவர்கள். செமஸ்டர் கடைசியில் நாக் கோப்புகள், பிராக்டிகல் தேர்வுகள், இன்விஜிலேஷன், விடைத்தாள் என்று எல்லாம் ஒன்றாக வந்து விழும். அதனால் நிர்வாகத்தினருக்கும் ஒரு வார்த்தை. கடைசி மூன்று வாரத்தில் ஆசிரியர்களைக் கோப்பு வேலையிலிருந்து விடுவியுங்கள். கருத்தரங்கும் ஆண்டு விழாவும் அதற்கு முன்பே முடியட்டும். கட்டணம் பாக்கி என்பதற்காக ஹால் டிக்கெட்டை நிறுத்தாதீர்கள். பாக்கியை வசூலிக்க வேறு வழி உண்டு, தவறிய தேர்வைத் திரும்பப் பெற வழியில்லை.

நண்பர்களே, 1954-இல் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் வந்தது. 1983-இல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம். 1997-இல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம். 2015-இல் ஐ.ஐ.டி., ஐசர் இரண்டும் திருப்பதிக்கு வந்தன. கட்டடத்துக்கும் பட்டத்துக்கும் இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய பிள்ளையைப் பட்டத்தோடு வெளியே அனுப்புவதில்தான் குறை இருக்கிறது. அந்தக் குறை பெரிய திட்டங்களால் தீருவதைவிட, ஸ்டாஃப் ரூம் வாசலில் தயங்கி நிற்கும் பிள்ளையை உள்ளே கூப்பிடும் ஆசிரியரால் சீக்கிரம் தீரும்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வகுப்பு ரெஜிஸ்டரை எடுங்கள். வருகை குறைந்தவர்கள், இன்டர்னலில் கடைசியாக நிற்பவர்கள் என்று பத்துப் பெயர்களை எழுதுங்கள். இந்த வாரத்துக்குள் அந்தப் பத்துப் பேரோடும் ஐந்தைந்து நிமிடம் பேசிவிடுங்கள். அடுத்த கூட்டத்தில், பேசினீர்களா என்றுதான் முதலில் கேட்பேன்.